இரண்டாவது தாள் யாருடையது?

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு சின்ன விபத்து. வேலைவாய்ப்பு முகாமுக்குக் கிளம்பிய இரண்டு பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ரெஸ்யூம், ஆளுக்கு இரண்டு தாள். பின் அடிக்கவில்லை. முகாமுக்குப் போய் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். மாஸ்டர் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைத் தட்டிவிட்டார். நான்கு தாளும் கிளம்பி, ஒன்று வடைத் தட்டிலும் ஒன்று என் காலடியிலும் மற்ற இரண்டும் நடைபாதையிலும் போய் இறங்கின.

பொறுக்கி எடுத்தோம். முதல் தாள்களில் சிக்கல் இல்லை. உச்சியிலேயே பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. திண்டாட்டம் இரண்டாவது தாளில்தான். இரண்டிலும் ஒரே எழுத்துரு, ஒரே கோடு, ஒரே கட்டம். தெரிந்த மொழிகள் தமிழ், ஆங்கிலம். பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, கிரிக்கெட் விளையாடுவது. படித்தது ஒரே கல்லூரி, பிரிண்ட் எடுத்தது ஒரே கடை. கடைசியில் தகப்பனார் பெயரைப் பார்த்துத்தான் பிரித்தோம்.

"நல்லவேளைண்ணே, நாங்க அண்ணன் தம்பியா இல்ல" என்றான் கட்டம் போட்ட சட்டைக்காரன்.

நான் பதினான்கு வருஷம் டிடிபி கடை வைத்திருந்தவன். இந்த மாதிரி இரண்டாவது தாள்களை ஆயிரக்கணக்கில் அடித்து அனுப்பிய பாவம் எனக்கும் உண்டு. "பஸ்ஸுக்கு நேரம் இருக்கா தம்பி?" என்று கேட்டு, மூன்று டீ சொன்னேன். அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ரெஸ்யூமில் இரண்டு வகை எழுத்து இருக்கிறது. ஒன்று சரக்கு: படிப்பு, அனுபவம், தெரிந்த வேலை. இன்னொன்று சரக்கைப் பற்றிய குறிப்பு: இது யாருடைய தாள், இரண்டில் எத்தனையாவது, எந்தத் தேதியில் எழுதியது, இதன் அசல் எங்கே இருக்கிறது. கணினிக்காரர்கள் இதை மெட்டாடேட்டா என்பார்கள். மீதரவு என்று தமிழில் எழுதுகிறவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் சரக்கைப் போலவே அதற்கும் தாளில் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் தவறிப் போனால் குறிப்பு இருந்தும் பயனில்லை.

மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையிலிருந்து நாலை வெட்டித் தருகிறார்கள் இல்லையா? காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும் ஓரம் பெரும்பாலும் கடைக்காரரிடமே தங்கிவிடும். நம் கைக்கு வருவது நாலு மாத்திரையும் பளபளப்பும்தான். தேதி அச்சிடப்படாமல் இல்லை, வெட்டுப்படும் இடத்தில் அச்சிடப்பட்டது. ரெஸ்யூமும் வெட்டுப்படும் பொருள்தான். யாரோ ஒருவர் முதல் தாளை மட்டும் ஜெராக்ஸ் எடுப்பார். இன்னொருவர் பின்னைப் பிடுங்கி ஸ்கேன் செய்வார். மூன்றாமவர் ஃபைலில் தலைகீழாகச் செருகுவார். தாள் எப்படியெல்லாம் பிரியும் என்று யோசித்துவிட்டுத்தான் குறிப்பை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.

நம் ஊரில் இது பழைய கவலை. ஓலைச்சுவடியில் துளை போட்டு நூல் கோத்திருப்பார்கள். நூல் அறுந்தால் நூறு ஓலையும் சீட்டுக்கட்டுப் போலக் கலந்துபோகும். அதனால்தான் ஏட்டின் இடப்பக்க ஓரத்தில் ஏட்டெண்ணைக் கீறி வைத்தார்கள். எழுதி முடித்தவர் தன் பெயரையும் முடித்த நாளையும் கடைசியில் குறிப்பதும் உண்டு. அந்தக் கடைசி ஓலை செல்லரித்துவிட்டால் பெயரும் நாளும் அதோடு போய்விடும், ஏட்டெண் மட்டும் ஒவ்வோர் ஓலையிலும் தப்பிக்கும். ஒரு தடவை சொன்னால் போதும் என்கிற குறிப்புக்கும் ஒவ்வொரு தாளிலும் சொல்லியாக வேண்டிய குறிப்புக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தாணி பிடித்தவர்கள் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பையன்களின் டெம்ப்ளேட்டைச் செய்தவருக்கு அது புரியவில்லை.

ஆனால் நம் ஊர் ரெஸ்யூமில் ஒரு குறிப்புக்கு மட்டும் நிரந்தர இடம் இருக்கிறது. கடைசித் தாளின் அடியில் "மேற்சொன்னவை அனைத்தும் உண்மை" என்கிற பொருளில் ஓர் ஆங்கில உறுதிமொழி. அதன் கீழே இடப்பக்கம் இடம், நாள். வலப்பக்கம் கையெழுத்துக்குக் கோடு. டிக்ளரேஷன் என்பார்கள். பெரிய ஐடி நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இது பழைய மனு எழுதும் பழக்கத்தின் மிச்சம், இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடு என்பார்கள். பாதிதான் சரி. உறுதிமொழி வாக்கியத்தை எடுக்கலாம். அதை எழுதாமல் விட்டால் பொய் சொல்ல உரிமை வந்துவிடாது. ஆனால் நாள் என்று ஒரு வரி இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள்.

ஏன் என்று கேட்டான் மற்றவன். இவன் கொஞ்சம் அமைதியான பையன், கண்ணாடி போட்டவன். அவனுடைய முதல் தாளை வாங்கிக் காட்டினேன். ஒரு கடையில் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறான். "2023 முதல் டில் டேட்" என்று போட்டிருந்தான்.

"டில் டேட்னா எந்த டேட் தம்பி?"

"இன்னிக்குவரைக்கும்ண்ணே."

"இன்னிக்குன்னா, நீ அடிச்ச இன்னிக்கா, அவர் படிக்கிற இன்னிக்கா?"

பேசாமல் டீயைக் குடித்தான். யோசித்துப் பார்த்தால் ரெஸ்யூமில் பாதி வாக்கியங்கள் ஒரு தேதியை நம்பித்தான் நிற்கின்றன. வயது 22. இரண்டு வருஷ அனுபவம். இறுதித் தேர்வு முடிவை எதிர்பார்த்திருக்கிறேன். முப்பது நாள் நோட்டீஸ். தற்போதைய சம்பளம். எல்லாமே "இப்போது" என்கிற ஆணியில் தொங்குகின்றன, தாளில் ஆணியைக் காணோம். முகாமில் வாங்கிய ரெஸ்யூமை நிறுவனங்கள் உடனே தூக்கிப் போட்டுவிடுவதில்லை. எட்டு மாதம் கழித்து ஓர் இடம் காலியாகும்போது அலமாரியிலிருந்து கட்டை எடுப்பார்கள். அப்போது அந்த "டில் டேட்" என்ன சொல்லும்? தேதி இருந்தால் படிக்கிறவரே கூட்டிக் கழித்துக்கொள்வார். இல்லாவிட்டால் ஊகிப்பார், ஊகம் எப்போதும் நமக்குச் சாதகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எந்த வடிவில் எழுதுவது? மாதமும் வருஷமும் போதும். நாள் வேண்டாம். 03/04/2025 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்காவில் இருப்பவருக்கு மார்ச் நாலு. மாதத்தை எழுத்தில் போட்டுவிட்டால் வம்பில்லை. "திருத்தியது: ஏப்ரல் 2025" என்று அடிக்குறிப்பில் சின்னதாக வந்தால் அது இந்த வாசகம் எப்போது உண்மை என்று சொல்கிறது. டிக்ளரேஷன் கேட்கும் இடங்களில், அதாவது அரசு விண்ணப்பம், கல்லூரி பிளேஸ்மென்ட் படிவம் போன்றவற்றில், நாள் கோட்டைக் காலியாக அச்சிட்டு, கொடுக்கிற அன்று பேனாவால் நிரப்புங்கள். பல பேர் சோம்பலில் செய்கிற இந்தக் காரியம் உண்மையில் புத்திசாலித்தனமானது. திருத்திய மாதத்தை அச்சு சொல்கிறது, கொடுத்த நாளைப் பேனா சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு தகவல்.

வேர்டில் ஒரு பொறி இருக்கிறது. தேதியைச் செருகும்போது, தானாகப் புதுப்பிக்கவா என்று ஒரு டிக் கட்டம் வரும். அதைப் போட்டுவிட்டால் ஃபைலைத் திறக்கும் அன்றைய தேதி காட்டும். நீங்கள் ஏப்ரலில் அனுப்பிய ரெஸ்யூமை அவர் டிசம்பரில் திறந்தால் டிசம்பர் என்று இருக்கும். கேட்டால் கணினி செய்த வேலை என்று சொல்லலாம், ஆனால் பொய் உங்கள் தாளில்தான் இருக்கிறது. தேதியைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். ஃபைலைத் திருத்தும்போது மாற்ற மறந்துவிடுவோமே என்றால், மறந்தது தெரியட்டும். பழைய தேதி உண்மையான தேதிதானே.

இனி மூலைகளுக்கு வருவோம். நான் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான், ஏனென்றால் என் தொழிலே தாள்.

ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். நாலு மூலையும் ஒரே மதிப்புள்ளவை என்று வரைபடத்தில் தோன்றும். கையில் எடுத்தால் அப்படியில்லை. இடது மேல் மூலைதான் பின் அடிக்கும் இடம். நம் அலுவலகங்களில் அங்கேதான் ஓட்டை போட்டு டேக் கட்டுவார்கள். டேக் கட்டிய கட்டைப் புரட்டும்போது அந்த மூலை மடிந்து, கசங்கி, கண்ணுக்கே தெரியாது. இடது ஓரம் முழுவதுமே பஞ்சிங் மெஷினின் ராஜ்யம். உலகத் தரப்படி இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில் 80 மில்லிமீட்டர், ஓரத்திலிருந்து ஓட்டையின் மையம் 12 மில்லிமீட்டர். இடது மார்ஜினை 10 மில்லிமீட்டராகச் சுருக்கி, அங்கே செங்குத்தாகப் பெயரை அச்சிடும் நவநாகரிக டெம்ப்ளேட்டுகள் இருக்கின்றன. அவற்றை நிறுவனத்தின் ஃபைலில் போட்டதும் பெயருக்கு நடுவில் இரண்டு கண் முளைக்கும்.

வலது பக்கம் வேறு கதை. கட்டைப் புரட்டும் கை வலது கீழ் மூலையைத்தான் பிடிக்கிறது. கட்டைவிரல் தாளைத் தூக்கும்போது அந்த மூலைதான் முதலில் கண்ணில் படும். அதனால் பக்க எண் அங்கே. வலது மேல் மூலை டேக்குக்கும் பின்னுக்கும் தப்பியது. இரண்டாவது தாளிலிருந்து பெயரும் கைபேசி எண்ணும் அங்கே. முதல் தாளில் பெயர்தான் பெரிதாக இருக்கிறதே, திரும்பவும் தேவையில்லை. வேர்டில் முதல் பக்கத்துக்கு மட்டும் வேறு ஹெடர் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டு முதல் பக்க ஹெடரைக் காலியாக விட்டுவிடலாம். மாதமும் வருஷமும் இடது கீழ்ப்பக்கம், அடிக்குறிப்பு வரியில். ஓரத்தை ஒட்டி அல்ல, உடல் வாசகம் எந்த இடது விளிம்பில் தொடங்குகிறதோ அதே விளிம்பில்.

பக்க எண்ணை வெறும் 2 என்று போடுவது பாதி வேலை. 2/2 என்று போடுங்கள். 2 என்றால் இது இரண்டாவது தாள் என்று மட்டும் தெரியும். 2/2 என்றால் இதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றும் தெரியும். 1/2 என்று போட்ட முதல் தாள் தனியாகக் கிடந்தால், இன்னொன்று எங்கேயோ விழுந்திருக்கிறது, தேடு என்று அதுவே சொல்லிவிடும். மொத்த எண்ணிக்கையையும் கையால் அடிக்க வேண்டாம், வேர்டே எண்ணித் தரும். ஒரு வரி கூடி மூன்றாவது பக்கம் விழுந்துவிட்டாலும் அதுவே 2/3 என்று காட்டிக்கொடுத்துவிடும். அது ஒரு நன்மை.

எழுத்தின் அளவு உடலில் 11 புள்ளி என்றால் அடிக்குறிப்பில் 8, 9 போதும். நிறம் கறுப்பாகவே இருக்கட்டும். மெட்டாடேட்டா அடக்கமாக இருக்க வேண்டும் என்று வெளிர் சாம்பலில் போடுவார்கள். திரையில் அழகுதான். லேசர் பிரிண்டரிடம் சாம்பல் மை கிடையாது. கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டுத் தெளித்துத்தான் சாம்பலைக் காட்டும். அதை ஒரு தடவை ஜெராக்ஸ் எடுத்தால் புள்ளிகள் பாதி உதிரும், இரண்டாம் தடவையில் கைபேசி எண்ணில் 8 எது 3 எது என்று தெரியாது. அடக்கத்தை அளவில் காட்டுங்கள், நிறத்தில் வேண்டாம். அடி ஓரத்துக்கு மிக அருகிலும் போகாதீர்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டருக்கு அச்சிடவே மாட்டா. பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் விட்டுவிட்டால் நிம்மதி. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே புழங்கும் லெட்டர் தாள் ஏ4-ஐவிட 18 மில்லிமீட்டர் குட்டை. அப்படியே அச்சிட்டால் அடிபடுவது அடிக்குறிப்புதான்.

இந்த இடத்தில் கட்டம் போட்ட சட்டை ஒரு நல்ல கேள்வி கேட்டான். "அப்போ பேரு, போன் நம்பர் எல்லாத்தையும் ஹெடர்லயே போட்டுட்டா ரெண்டு தாள்லயும் வந்துடுமேண்ணே?"

வரும். ஆனால் இப்போது ரெஸ்யூமை முதலில் படிப்பது பல இடங்களில் மனிதர் இல்லை, மென்பொருள். வேர்டு ஃபைலில் ஹெடர், ஃபுட்டர் என்பவை உடல் வாசகத்திலிருந்து தனியாகச் சேமிக்கப்படுகின்றன. வாசகத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களில் சில அந்தப் பகுதிகளைத் தொடுவதே இல்லை. உங்கள் கைபேசி எண் ஹெடரில் மட்டும் இருந்தால், அந்த மென்பொருளின் கண்ணில் நீங்கள் கைபேசி இல்லாத மனிதர். ஆகவே தொலைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லத் தக்கதை மட்டும் ஹெடரிலும் ஃபுட்டரிலும் வையுங்கள். பெயர், எண், மின்னஞ்சல் மூன்றும் முதல் தாளின் உடலில் இருக்க வேண்டும். இரண்டாவது தாளின் ஹெடரில் வருவது அவற்றின் நகல்தான்.

இணையப் பக்கமாக ரெஸ்யூம் செய்து பிரவுசரிலிருந்து பிரிண்ட் எடுப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அங்கே கேட்காமலேயே மெட்டாடேட்டா வந்து உட்கார்ந்துவிடும். குரோமில் ஹெடர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ் என்கிற கட்டத்தில் டிக் இருந்தால் மேலே தேதியும் பக்கத்தின் தலைப்பும், கீழே முகவரியும் பக்க எண்ணும் அச்சாகும். அந்த முகவரி இணைய முகவரியாக இருந்தால் பாதகமில்லை. உங்கள் கணினியிலேயே இருக்கும் ஃபைலைத் திறந்து அச்சிட்டால், சி டிரைவிலிருந்து தொடங்கி டவுன்லோட்ஸ் ஃபோல்டர் வழியாக "ரெஸ்யூம் ஃபைனல் புதுசு 3" வரை முழுப் பாதையும் தாளின் அடியில் வந்துவிடும். அப்படி ஒரு தாளை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பாதையின் நடுவில் வேறொரு நிறுவனத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. இதே தாளை அங்கேயும் கொடுத்திருக்கிறார் என்று படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும். டிக்கை எடுத்துவிடுங்கள்.

எடுத்துவிட்டால் பக்க எண்ணும் போய்விடுமே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. அச்சுப் பக்கத்துக்கான சிஎஸ்எஸ் விதிகளில் தாளின் ஓரங்களைச் சுற்றி 16 பெட்டிகளை வகுத்திருக்கிறார்கள், மூலைக்கு ஒன்று, ஒவ்வோர் ஓரத்துக்கும் மூன்று. வலது கீழ்ப் பெட்டியில் பக்க எண், வலது மேல் பெட்டியில் பெயர் என்று நாமே சொல்லலாம். இந்த விதி பல வருஷம் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. பிரின்ஸ் போன்ற தனி மென்பொருள்களுக்குத்தான் தெரியும். குரோமில் 2024 கடைசியில் வந்த 131-ஆம் பதிப்பில்தான் நுழைந்தது. எல்லா பிரவுசரிலும் இன்னும் நடக்காது என்பதால், எந்த பிரவுசரில் சரியாக வருகிறதோ அதில் பிடிஎஃப் ஆக்கிவிட்டு, அதற்குப் பிறகு பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோவது நல்லது.

பிடிஎஃப் என்றதும் கதையின் மறுபாதி வருகிறது. இதுவரை சொன்னது தாளின் மேல் தெரியும் குறிப்பு. ஃபைலுக்குள் தெரியாத குறிப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட பிடிஎஃப் வடிவம் 2008-இல் உலகத் தரமானது. அதற்குள் தலைப்பு, எழுதியவர், பொருள், குறிச்சொற்கள், எந்த மென்பொருள், எப்போது உருவானது, எப்போது திருத்தப்பட்டது என்றெல்லாம் பதிய இடம் இருக்கிறது. நேரம் நொடிவரை பதிவாகும். கூடவே இந்திய நேரம் என்பதைக் காட்ட +05'30' என்றும் இருக்கும். பின்னிரவு 2 மணி 40 நிமிஷத்துக்கு முடித்த ரெஸ்யூம் அதை மறைக்காது. நிரப்பாவிட்டால் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். யாராவது நிரப்பியிருப்பார்கள்.

என் கடையில் மூன்று கணினி. அவற்றில் வேர்டைப் போட்ட அன்று பயனர் பெயர் கேட்டபோது நான் "அட்மின்" என்று கொடுத்திருந்தேன். அதனால் என் கடையிலிருந்து போன அத்தனை ரெஸ்யூம்களையும் எழுதியவர் அட்மின்தான். ஊர் முழுக்க வேலை தேடியவர் அந்த ஒரே ஆள். இது பரவாயில்லை. ஒரு நாள் நேர்காணல் முடிந்து ஒரு பெண் நேராகக் கடைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. ஃபைலைப் பெரிய திரையில் திறந்திருக்கிறார்கள். திரையின் உச்சியில், டேபில், வேறொரு பையனின் பெயர். "இது உங்க ரெஸ்யூம்தானா மேடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். நடந்தது என்னவென்றால், அந்தப் பையனின் ரெஸ்யூமைத் திறந்து, வாசகத்தை மாற்றி, வேறு பெயரில் சேமித்து அவளுக்குக் கொடுத்தவன் நான். தாளில் எல்லாவற்றையும் மாற்றினேன். உள்ளே இருந்த தலைப்பு எனக்குத் தெரியாது, அதனால் மாறவில்லை. பிடிஎஃபைத் திறக்கும் பல மென்பொருள்கள் டேபில் ஃபைல் பெயரைக் காட்டாமல் உள்ளிருக்கும் தலைப்பைத்தான் காட்டும். அவளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முப்பது ரூபாய். அதை வாங்கிக்கொண்டு அவள் பார்த்த பார்வைக்கு இன்னும் கணக்கு முடியவில்லை.

நான் சின்ன ஆள். 2003-இல் பிரிட்டன் அரசு இராக்கைப் பற்றி வெளியிட்ட ஓர் அறிக்கை வேர்டு ஃபைலாகவே வெளியே போய்விட்டது. அதைத் திருத்தியவர்களின் பெயர்கள் உள்ளே அப்படியே இருந்ததை ஒருவர் தோண்டி எடுத்து, நாடாளுமன்றம்வரை பேச்சானது. வேர்டின் டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே டாக்ப்ராப்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். யார் உருவாக்கியது, கடைசியாக யார் திருத்தியது, எத்தனை தடவை சேமித்தது, மொத்தம் எத்தனை நிமிஷம் திறந்து வேலை பார்த்தது என்று எல்லாம் அதில். உருவாக்கியவர் பெயருக்கு முன்னால் டிசி என்று ஒரு சுருக்கம் தெரியும், டப்ளின் கோர் என்பதன் சுருக்கம். அயர்லாந்து டப்ளின் இல்லை, 1995-இல் நூலகர்களும் கணினிக்காரர்களும் கூடிப் பேசிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின். நூலகத்தில் புத்தகத்தைத் தேட உண்டான ஏற்பாடு, உங்கள் ரெஸ்யூமுக்குள் அட்மின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

சரிசெய்வது இரண்டு நிமிஷ வேலை. வேர்டில் ஃபைல், இன்ஃபோ என்று போனால் வலப்பக்கம் தலைப்பு, ஆத்தர் எல்லாம் தெரியும். தலைப்பில் உங்கள் பெயரும் ரெஸ்யூம் என்ற சொல்லும், ஆத்தரில் உங்கள் பெயர் மட்டும். பழைய ஆட்களின் தடயம் வேண்டாம் என்றால் அங்கேயே இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் இருக்கிறது, துடைத்துவிடும். அது ஹெடரையும் ஃபுட்டரையும்கூட எடுக்கவா என்று கேட்கும், அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். துடைத்த பிறகு தலைப்பை நிரப்பி, அதன் பிறகு பிடிஎஃப். இணையப் பக்கமாகச் செய்கிறவர்கள் டைட்டிலை ஒழுங்காக எழுதினால் குரோம் அதையே பிடிஎஃபின் ஃபைல் பெயராகவும் எடுத்துக்கொள்ளும். லாடெக்ஸ்காரர்களுக்கு ஹைப்பர்ரெஃப் தொகுப்பில் இதற்கென்றே இரண்டு வரி உண்டு, அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நம் ஆட்களுக்கு மட்டுமே உரிய ஒரு தொல்லை இருக்கிறது: இனிஷியல். சான்றிதழில் கார்த்திக் எம். தாளில் எம். கார்த்திக். மின்னஞ்சலில் கார்த்திக் பின்னால் அப்பா பெயர் முழுசாக. ஃபைல் பெயரில் கார்த்தி. மனிதர் படித்தால் எல்லாம் ஒரே ஆள் என்று புரியும். மென்பொருளுக்கு நாலு பேர். சான்றிதழில் எப்படியோ அப்படியே தாளின் உச்சி, இரண்டாவது தாளின் ஹெடர், ஆத்தர், ஃபைல் பெயர் எல்லாவற்றிலும் இருக்கட்டும். ஃபைல் பெயரில் வருஷமும் மாதமும் சேர்த்து 2025-04 என்று போட்டால் உங்கள் கணினியிலேயே பழையதும் புதியதும் வரிசையாக நிற்கும். ஃபைனல் என்கிற சொல்லை மட்டும் தவிருங்கள். ரெஸ்யூமில் ஃபைனல் என்பது ஓய்வுபெற்ற அன்றுதான்.

பதிப்பு எண்ணைத் தாளில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள், வி 7 என்கிற மாதிரி. படிக்கிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. மற்ற ஆறு எங்கே என்று வேண்டுமானால் யோசிப்பார். ஜேசன் ரெஸ்யூம் என்று நிரலாளர்களிடையே புழங்கும் ஒரு வடிவம் உண்டு. அதில் மெட்டா என்று தனிப் பகுதியே ஒதுக்கி, அசல் எந்த முகவரியில், எந்தப் பதிப்பு, கடைசியாகத் திருத்தியது எப்போது என்று பதியச் சொல்கிறார்கள். மூன்றும் ஃபைலுக்குள் இருக்க வேண்டியவைதான். தாளுக்கு ஏறத் தகுதியுள்ளவை முதலாவதும் மூன்றாவதும். அசலின் முகவரியைக் கியூஆர் கோடாகப் போடுகிறவர்கள் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு, முதல் தாளின் வலது மேல் பக்கம் போடட்டும். கீழே முகவரியை எழுத்திலும் அடியுங்கள். எச்.ஆர். மேஜையில் இருப்பவர் ஒவ்வொரு தாளுக்கும் கைபேசியைத் தூக்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. முன்னூறு ரெஸ்யூம் கிடக்கும் மேஜை அது.

டீ ஆறிப்போயிருந்தது. முகாமுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். திரும்பப் போய் அச்சிட நேரமில்லை, கடையும் பத்து மணிக்குத்தான் திறக்கும். "பேனா இருக்கா?" என்றேன். கண்ணாடிக்காரனிடம் இருந்தது. வலது மேல் மூலையில் பெயர், எண். வலது கீழ் மூலையில் 2/2. நேர்க்கோட்டில், நிதானமாக எழுது என்றேன். கையால் எழுதினால் அசிங்கமாக இருக்குமே என்றான். இருக்கும், ஆனால் தாள் உன்னைத் தேடி வரும் என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு, சான்றிதழில் இருக்கிற மாதிரியே இனிஷியலைப் பின்னால் போட்டு எழுதினான். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஊதி மை உலர்த்தி, தாளை ஒரு தடவை தூக்கிப் பார்த்தான். அப்படியே நின்றான். இவ்வளவு நேரம் மூலையையும் ஓரத்தையும் காட்டுகிறேன் என்று நாலு தாளையும் மாற்றி மாற்றி வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

"அண்ணே" என்றான். "இதுல இருக்கறது அவங்க அப்பா பேரு."